வெயில் ஆளா, குளிர் ஆளா? புதிதாக வெளியே நடக்கக் கிளம்புகிறவர்களுக்கு

“எனக்கு வெயில் ஆகாதுங்க” என்று யாராவது சொன்னால், எந்த ஊர் வெயில் என்று கேட்கத் தோன்றும். மே மாதச் சென்னையில் 36 டிகிரியிலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அதே வாரம் வேலூரில் 41 டிகிரி அடிக்கும். வேர்த்ததே தெரியாது, உதடு மட்டும் வெடிக்கும். குளிரும் அப்படித்தான். ஜனவரி விடியலில் ஊட்டிப் புல்வெளி உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும், ஆனால் பதினொரு மணிக்கெல்லாம் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கலாம். ஜூலை மாத வால்பாறையில் அவ்வளவு குளிர் கிடையாது. ஆனால் துவைத்த துணி நாள்கணக்கில் காயாது, ஷூவுக்குள் கால் விரல் ஊறிப்போகும்.

நடை, சைக்கிள், மலையேற்றம் என்று ஆசையாக ஆரம்பித்து, இரண்டாவது வாரமே விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பொருந்தாத இடத்தில், பொருந்தாத மணியில் கிளம்பிவிட்டுப் பழியை உடம்பின்மேல் போடுவார்கள். வெயில் பிடிக்கும், குளிர் பிடிக்கும் என்பதில் பிறவிக் குணம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் பழக்கமும் நேரமும் போட்டிருக்கும் துணியும். உங்களுக்கு எது ஆகாது என்று சரியாகப் பிடித்துவிட்டால் தமிழ்நாட்டுக்குள்ளேயே வருடம் முழுக்க நடக்க இடம் இருக்கிறது.

முதல் வேலை: எது தொந்தரவு என்று கண்டுபிடிப்பது

வெயிலில் இரண்டு தொந்தரவு உண்டு: நேராக மேலே விழும் வெயில், புழுக்கம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி: பகல் பதினொரு மணிக்குக் கால் மணி நேரம் வெயிலில் நடந்துவிட்டு, ஒரு வேப்பமரத்தடியில் போய் நில்லுங்கள். ஐந்து நிமிடத்தில் “அப்பாடா” என்று வந்துவிட்டால் உங்களுக்கு ஆகாதது நேர்வெயில். குடை, தொப்பி, நேரமாற்றம் இவற்றாலேயே முக்கால்வாசி சரியாகிவிடும். நிழலில் நின்றும் வேர்வை நிற்காமல் ஒழுகி, மூச்சு அடைப்பதுபோல் இருந்தால் உங்கள் பகை புழுக்கம். அதற்குக் குடை உதவாது. காற்று வேண்டும், அல்லது ஊரை மாற்ற வேண்டும்.

காரணம் இதுதான். உடம்பைக் குளிர வைப்பது வேர்வை வழிவது அல்ல, அது ஆவியாவது. ஒரு லிட்டர் வேர்வை முழுக்க ஆவியானால் கிட்டத்தட்ட 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். தரையில் சொட்டி விழுந்த வேர்வையால் அந்தப் பலன் கிடையாது. உப்பும் தண்ணீரும் போனதுதான் மிச்சம். கடற்கரை ஊர்களில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை ஆவியாக இடமில்லை.

இதை அளக்கக் கருவி வேண்டாம். கொடியில் போட்ட துணியைப் பாருங்கள். நிழலில் போட்ட மெல்லிய துண்டு ஒரு மணி நேரத்தில் காய்ந்தால், அன்றைக்கு உங்கள் வேர்வையும் வேலை செய்யும். மத்தியானம் வரை பிசுபிசுவென்று இருந்தால் நடையைச் சுருக்கிக்கொள்ளுங்கள். கைபேசியில் பார்க்கிறவர்கள் வெப்பநிலையோடு ‘பனிநிலை’ (dew point) என்று, காற்றில் எவ்வளவு ஈரம் என்பதைக் காட்டும் எண்ணையும் பாருங்கள். அது 24க்கு மேல் போனால் புழுக்கம்தான், வெப்பநிலை எவ்வளவு என்றாலும்.

குளிரிலும் இப்படிப் பிரிக்க வேண்டும். அசையாத காற்றில் பத்து டிகிரி பலருக்கும் தாங்கும். பதினைந்து டிகிரியில் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனால் பல் கிட்டிக்கும். அப்படிப்பட்டவருக்கு ஆகாதது காற்று. சட்டை நனைந்தபின்தான் நடுக்கம் வருகிறது என்றால் அது ஈரம். இரண்டும் இல்லாமலே கைவிரலும் பாதமும் மட்டும் ஐஸ் மாதிரி ஆகிறவர்கள் உண்டு. இவர்களுக்குக் கையுறையும் கம்பளிக் காலுறையும் போதும், தடித்த ஜெர்கின் தேவையே இல்லை.

வெயில் காலத்தில் எப்போது நடப்பது

எல்லோரும் சொல்வது: காலையில் நட. உள்மாவட்டங்களுக்கு இது சரிதான். மதுரை, திருச்சி, சேலம், வேலூர்ப் பக்கம் மே மாதத்திலும் காலை ஐந்தரை முதல் ஏழு வரை நல்ல நேரம். ஏழரைக்குமேல் வெயில் முதுகில் ஏறிவிடும்.

சென்னையில் எனக்கு இந்த அறிவுரையில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. கோடையில் அங்கே இரவிலேயே 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் வரும், விடிகாலையில் காற்றின் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும், இலைகூட அசையாது. காலை ஐந்தரைக்கு நடந்து வீட்டுக்கு வந்தால் சட்டையைப் பிழியலாம். அதே நாள் மாலை ஐந்தரைக்குக் கடல்காற்று வந்துவிட்டிருக்கும். வெப்பநிலை காலையைவிட நான்கு டிகிரி கூட இருந்தாலும், பெசன்ட் நகரிலோ மெரினாவிலோ மணலோரம் நடக்கும்போது வேர்வை காய்ந்துகொண்டே வரும். புழுக்கம் ஆகாதவர்கள் சென்னையில் மாலையைப் பிடித்துக்கொள்வது நல்லது. ஒரே நிபந்தனை, கடல்காற்று வந்திருக்க வேண்டும். ஜூன் மாதம் மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் அது தாமதமாக வரும், சில நாள் வராமலே போகும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று கடல்காற்றுக்கு வழிவிடாத நாட்களில்தான் இந்த மாதிரி வெயில் அடிக்கும். பிற்பகலில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மொட்டை மாடியில் ஏறிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கத்திரி வெயில் சுமார் மே 4 முதல் 28 வரை. அந்த வாரங்களில் உள்மாவட்டங்களில் இரவு நடைதான் உத்தமம். திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், பெரும்பகுதி தார்ச்சாலை. பக்திக்கு இந்த நேரம்தான் என்று கிடையாது என்றாலும், செருப்பில்லாமல் நடக்கிறவர்கள் பௌர்ணமி இரவைத் தேர்ந்தெடுப்பதில் பாதத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. சித்திரை மாதத்துத் தாரில் பகலில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், புரியும். இரவிலும் ஒன்பது மணி வரை தார் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். பத்துக்குமேல் கிளம்பினால் சுகம்.

உடம்பைப் பழக்குவது

ஏசி அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெயிலில் பத்து கிலோமீட்டர் நடந்தால், “எனக்கு வெயில் ஆகாது” என்ற முடிவுக்குத்தான் வருவார். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் கேட்கும், அதுவும் தினமும் கொஞ்சம் வெயில் பட்டால். முதல் இரண்டு மூன்று நாள் இருபது நிமிடம், பேசிக்கொண்டே நடக்கிற வேகம். ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் சொல்ல முடியவில்லை என்றால் வேகம் அதிகம். அப்புறம் தினமும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். வேகத்தை இரண்டாவது வாரம் வரை தொடவே வேண்டாம்.

இந்த நாட்களில் உள்ளே நடக்கும் மாற்றம் வெளியே தெரியும். முன்னைவிடச் சீக்கிரமே வேர்க்க ஆரம்பிக்கும். அது கெட்ட அறிகுறி இல்லை, உடம்பு உஷாராகிவிட்டது. வேர்வையில் உப்பும் குறையும். கறுப்புச் சட்டை போட்டு நடக்கிறவர்கள் காய்ந்தபின் முதுகில் படியும் வெள்ளைக் கோடு நாளாக நாளாக மங்குவதைப் பார்க்கலாம். பழகிய உடம்பு அதை ரொம்ப நாள் வைத்திருக்காது. ஒரு மாதம் வெயில் படாமல் இருந்துவிட்டால் மறுபடி கிட்டத்தட்ட முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஊட்டியில் லீவைக் கழித்துவிட்டுத் திரும்பிய மறுநாளே பழைய தூரத்தை நடக்கப் பார்க்காதீர்கள்.

இதய நோயோ சர்க்கரையோ உள்ளவர்கள், ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், அறுபது தாண்டியவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பிக்க வேண்டும். சில மாத்திரைகள் உடம்பின் தண்ணீரைக் குறைக்கும், சில வேர்வையையே குறைக்கும். சளிக்காகப் போடும் சில மாத்திரைகளும் இதில் சேரும்.

தண்ணீர், உப்பு, குடை

எவ்வளவு குடிப்பது என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே அளவு சொல்ல முடியாது. உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். நடப்பதற்கு முன்னும் பின்னும், வேர்வையைத் துடைத்துவிட்டு, எடை பாருங்கள். அரைக் கிலோ குறைந்திருந்தால் அரை லிட்டர் போயிருக்கிறது. நடுவில் ஏதாவது குடித்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை பார்த்தால் மணிக்கு எவ்வளவு என்று பிடிபட்டுவிடும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி; அடர் மஞ்சள் என்றால் பாக்கி இருக்கிறது.

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற நடைக்கு வெறும் தண்ணீர் போதும். அதற்குமேல் போனால் உப்பும் வேண்டும். மணிக்கணக்காக வேர்த்து, வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, மயக்கம் வரை போகும். உப்புப் போட்ட நீர்மோர் அருமையான ஏற்பாடு. பானகத்தில் ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தால் அதுவும் அப்படியே. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஆகவே இளநீரோடு நாலு உப்புக் கடலை கொறித்தால் கணக்குச் சரியாகும். ஓஆர்எஸ் வாங்கினால் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்ட பொடியைக் கேட்டு வாங்கி, அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரையுங்கள். அவசரத்துக்கு வீட்டில் செய்வதானால் ஒரு லிட்டருக்கு ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புக் கூடிவிடக் கூடாது.

துணி விஷயத்தில் “பருத்திதான் நல்லது” என்பது பாதி உண்மை. வறண்ட வெயிலில் தொளதொளப் பருத்திச் சட்டை நனைந்து, மெதுவாகக் காய்ந்து, அதுவரை குளிர்ச்சி தரும். சென்னைப் புழுக்கத்தில் அதே சட்டை காயாமல் கனத்து, அக்குளிலும் தொடையிலும் உராய்ந்து புண்ணாக்கும். அங்கே மெல்லிய பாலியஸ்டர் விளையாட்டு பனியன் மேல். உராயும் இடங்களில் கிளம்பும் முன்பே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்ளுங்கள். குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டிப் பிரயோஜனமில்லை.

குடையைப் பற்றி ஒரு முறையீடு. ஆம்பளைங்க வெயிலுக்குக் குடை பிடித்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை. நேர்வெயில் ஆகாதவர்களுக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. தொப்பி தலையை மட்டும் மறைக்கும், குடை தோளையும் முதுகையும் மறைக்கும், நடுவில் காற்றும் போகும். வயலில் வேலை செய்கிறவர்கள் நனைத்த துண்டைத் தலையில் உருமாலாகக் கட்டுவதும் இதே வேலையைச் செய்கிறது. சைக்கிள்காரர்கள் கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்ளலாம்.

நிறுத்த வேண்டிய இடம்

கெண்டைக்கால் இழுப்பு, தலைவலி, குமட்டல், கண்ணில் பூச்சி பறப்பது: இதில் ஏதாவது ஒன்று வந்தால் அன்றைய நடை முடிந்தது. நிழலில் உட்கார்ந்து, சட்டையைத் தளர்த்தி, உப்புக் கலந்த எதையாவது மெதுவாகக் குடிக்க வேண்டும். கூட வந்தவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, கேள்விக்குத் தாறுமாறாகப் பதில் சொன்னாலோ அது வேறு கட்டம். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். உடனே 108க்குக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை சும்மா இருக்காதீர்கள். உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள், கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். “இன்னும் வேர்த்துக்கிட்டுதானே இருக்கு” என்று தேறுதல் சொல்லிக்கொள்ளாதீர்கள். உழைக்கும்போது வரும் வெப்பத்தாக்கில் கடைசிவரை வேர்வை இருக்கலாம்.

குளிர்: மலைக்குப் போகிறவர்கள்

உயரம் 1,000 மீட்டர் கூடினால் சுமார் 6.5 டிகிரி குறையும். மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம் மீட்டரில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். ஆக, மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போதிருந்த வெப்பநிலையில் ஒரு 12 டிகிரியைக் கழித்துக்கொண்டால் ஊட்டியில் என்ன இருக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும். பைக்கில் போகிறவர்கள் கல்லாறு தாண்டியதும் ஜெர்கினை மாட்டிக்கொள்ள வேண்டும். குன்னூரில் டீ குடிக்க நிறுத்தும்போது மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் உடம்பு விட்டுவிட்ட சூட்டைத் திரும்பக் கொண்டுவர இரண்டு டீ போதாது. கையுறை இல்லாதவர்கள் அவசரத்துக்கு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். சட்டைக்குள் நெஞ்சுப் பக்கம் நாளிதழை மடித்து வைப்பதும் பழைய வித்தை, இன்றும் வேலை செய்கிறது. மங்கி குல்லாவையும் மஃப்ளரையும் கிண்டல் செய்கிறவர்கள் செய்யட்டும். காதும் கழுத்தும் மூடினால் மொத்த உடம்புக்கும் வித்தியாசம் தெரியும்.

குளிருக்குப் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கனத்த ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டு வருவார்கள். அதைவிட மூன்று மெல்லிய அடுக்கு நல்லது. உள்ளே வேர்வையைப் பிடித்துவைக்காத பாலியஸ்டர் பனியன், நடுவில் ஸ்வெட்டர், வெளியே காற்றையும் தூறலையும் தடுக்கும் மெல்லிய ஜெர்கின். மலையில் ஏறும்போது ஸ்வெட்டர் பையில் இருக்க வேண்டும். கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் பாதி வழியில் வேர்த்து, உள்பனியன் நனைந்து, உச்சியில் நிற்கும்போது காற்று பட்டு உதறும். நின்றவுடன் ஸ்வெட்டரைப் போடுங்கள், நடக்க ஆரம்பித்தவுடன் கழற்றுங்கள். சோம்பேறித்தனம் பார்த்தால் நடுக்கம்தான்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் தலைக்குந்தா மாதிரி பள்ளமான புல்வெளிகளில் விடிகாலை பூஜ்ஜியத்தைத் தொடும். அதைப் பார்க்கவே போகிறவர்கள் போகட்டும். நடக்கப் போகிற புதியவர்கள் காலை எட்டரைக்குக் கிளம்பினால் குளிரின் இனிப்பான பகுதி மட்டும் கிடைக்கும். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய சாலை சுமார் 5 கிலோமீட்டர், சமதளம். முதல் குளிர்நடைக்கு அதைவிடப் பாந்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் தெரியாது என்பதால் முற்பகலிலேயே முடித்துவிடுங்கள்.

குளிரில் இரண்டு விஷயங்கள் ஏமாற்றும். ஒன்று, தாகம் எடுக்காது. ஆனால் மூச்சிலும் சிறுநீரிலும் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கும். வெந்நீர் பிளாஸ்க் எடுத்துப் போனால் குடிக்கவாவது தோன்றும். இன்னொன்று வெயில். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் கூடும், 1,000 மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம். சூடு தெரியாததால் யாரும் நிழல் தேட மாட்டார்கள். தொட்டபெட்டாவில் அரை நாள் சுற்றிவிட்டுக் கீழே வந்து கண்ணாடி பார்த்தால், மூக்கு மட்டும் தனியாகக் கறுத்திருக்கும்.

ஆபத்து இங்கேயும் பேச்சிலும் கையிலும்தான் முதலில் தெரியும். நடுக்கம் நிற்காமல் இருப்பது, சட்டைப் பித்தானைப் போட முடியாமல் விரல் தடுமாறுவது, நாக்குக் குழறுவது. உடனே ஈர உடையை மாற்றிக் காய்ந்ததைப் போட்டு, காற்றில்லாத இடத்தில் உட்கார வைத்து, இனிப்பான சூடான பானம் கொடுக்க வேண்டும். பிராந்தி கொடுத்தால் சூடு ஏறும் என்பார்கள். தோலில் சூடு பரவுவது போலத் தோன்றும், உள்ளிருக்கும் சூடு வெளியேறிவிடும்.

ஒரே இரவில் இரண்டும்: வெள்ளியங்கிரி

கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் இரண்டு பருவத்தையும் ஒரே இரவில் பார்த்துவிடுவார்கள். பிப்ரவரி முதல் மே வரைதான் மலையேற விடுவார்கள். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கி இரவில் கிளம்பும்போது புழுக்கமாக இருக்கும், முதல் மலையின் படிக்கட்டிலேயே சட்டை நனைந்துவிடும். ஆறாவது மலை தாண்டி ஏழாவதில் ஏறும்போது மரம் கிடையாது, காற்று முகத்தில் அறையும். நனைந்த சட்டையோடு அங்கே விடியலுக்காக உட்கார்ந்திருக்கிறவர்கள் உதறுவதைப் பார்க்கலாம். காய்ந்த பனியன் ஒன்றையும் காதை மூட ஒரு துண்டையும் பிளாஸ்டிக் பையில் முடிந்து வைத்துக்கொண்டு, ஏழாவது மலைக்கு முன்னால் மாற்றிக்கொள்ளுங்கள். இந்த ஒரு காரியத்தைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. இந்த மலையில் ஏறும்போது இறந்தவர்களும் உண்டு. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இருப்பவர்கள் தயவுசெய்து அடிவாரக் கோயிலோடு திரும்பிவிடுங்கள். முதல் மலையேற்றத்துக்கு இது இடமும் இல்லை.

காற்றும் மழையும் பிடித்தவர்களுக்கு

வெயிலும் வேண்டாம், பல் கிட்டும் குளிரும் வேண்டாம், சிலுசிலுவென்று இருந்தால் போதும் என்கிற மூன்றாவது ஜாதி ஒன்று உண்டு. இவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் சொர்க்கம். குற்றாலத்தில் சாரல், தென்காசி முழுக்க ஈரக்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பகலையே மாலையாக்கிவிடும். சைக்கிள்காரர்களுக்கு ஒரு யோசனை: ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் சைக்கிள் எந்த மூலைக்கு? உடுமலை, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். ஆகவே போகும்போது மேற்கே எதிர்காற்றில் மிதித்து, வரும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வாருங்கள். மாற்றிச் செய்தால் களைத்த காலோடு எதிர்காற்றில் திரும்ப வேண்டியிருக்கும்.

நீலகிரியில் மழையைப் பார்த்து இடம் பிரிக்க வேண்டும். ஜூலையில் கூடலூர், தேவாலா, அவலாஞ்சிப் பக்கம் கொட்டித் தீர்க்கும். அதே நாளில் கோத்தகிரியில் வெறும் மேகமூட்டமாக இருக்கலாம். அக்டோபர், நவம்பரில் நிலைமை தலைகீழ்: வடகிழக்குப் பருவமழை குன்னூரிலும் கோத்தகிரியிலும் அடிக்கும், மண்சரிவும் அப்போதுதான். வால்பாறையில் மழைக்காலத்தில் நடப்பவர்கள் அட்டைக்குத் தயாராகப் போக வேண்டும். பேன்ட் கால்களைக் காலுறைக்குள் விட்டு, மேலே உப்போ புகையிலைத் தூளோ தடவிக்கொள்வது அங்குள்ளவர்கள் வழக்கம். கடித்த அட்டையைப் பிடுங்காமல் நகத்தால் ஓரத்தில் நெம்பி எடுங்கள்.

அனுமதியும் துணையும்

காட்டுக்குள் இஷ்டத்துக்கு நடக்க முடியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்ற குழு காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் மலைப்புல் காய்ந்து கிடக்கும், காற்றும் சேர்ந்தால் தீ மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். அதனால் வெயில் பிரியர்களும் பிப்ரவரிக்குப் பிறகு புல்மலைகளை விட்டுவிடுவது நல்லது. வனத்துறையும் தீப்பருவத்தில் பாதைகளை மூடுகிறது. மற்ற மாதங்களில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற வனத்துறைத் தளத்தில் பதிவு செய்யலாம். 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு ஆரம்பித்தார்கள், வழிகாட்டியும் கூட வருவார். புதியவர்கள் எளிது என்று குறித்திருக்கும் பாதைகளில் ஆரம்பியுங்கள்: குளிர் பிடித்தவர்களுக்கு ஊட்டி கெய்ர்ன் ஹில், கோத்தகிரி லாங்வுட் சோலை. சமவெளிக்காரர்களுக்குத் திருவள்ளூர் மாவட்டத்தில் குடியம் குகையும் இந்தத் தளத்தில் இருக்கிறது, ஆனால் அதற்குத் தை மாதம்தான் தோது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் நிலவரத்தைக் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்; உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் வந்த ஏற்பாடு அது.

வீட்டில் ஒருவர் வெயில் ஆள், இன்னொருவர் குளிர் ஆள் என்றால் சண்டைக்கு அவசியமில்லை. நடுத்தர உயரமுள்ள மலைகளைப் பாருங்கள்: ஏலகிரி சுமார் 1,100 மீட்டர், ஏற்காடு 1,500. கொல்லிமலையும் இந்தக் கணக்கில்தான் வரும், எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு வயிறு ஒத்துழைத்தால். நவம்பர் மழை ஓய்ந்ததிலிருந்து பிப்ரவரி வரை இங்கெல்லாம் பகல் முழுக்க இருவருக்கும் நடக்கத் தோதான வானிலை. காலை ஏழு மணிக்கு வெயில் ஆள் போர்வையை விட்டு வர மாட்டார், பகல் ஒரு மணிக்குக் குளிர் ஆள் முணுமுணுப்பார். ஒன்பதரைக்குக் கிளம்பிப் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக்குத் திரும்புவதுபோல் வைத்துக்கொள்ளுங்கள்.